கடலுக்குள் போனால் பல் ஏன் வலிக்கிறது? ஸ்கூபா டைவிங் புக் செய்யும் முன் படியுங்கள்

அந்தமானிலோ கோவாவிலோ புதுச்சேரியிலோ ஸ்கூபா டைவிங் போக முன்பதிவு செய்தால், தண்ணீரில் இறங்கும் முன் உங்கள் கையில் ஒரு மருத்துவப் படிவத்தைக் கொடுப்பார்கள். ஆஸ்துமா உண்டா, இதயப் பிரச்சனை உண்டா, காதில் கோளாறு உண்டா, சைனஸ் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். கடைசிவரை தேடினாலும் ஒரு கேள்வி மட்டும் கண்ணில் படாது: "உங்கள் பல் எப்படி இருக்கிறது?"

"பல்லுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தோன்றலாம். 2016-ல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் வெளியான ஒரு ஆய்வில், பொழுதுபோக்குக்காக டைவ் செய்யும் 100 பேரிடம் கேட்டார்கள். அதில் 41 பேர், தண்ணீருக்குள் பல் அல்லது வாய் தொடர்பான ஏதோ ஒரு தொந்தரவை அனுபவித்ததாகச் சொன்னார்கள்.

அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது, வலி எங்கிருந்து வருகிறது, முதல்முறை போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

- ஆரோக்கியமான பல்லைத் தண்ணீரின் அழுத்தம் ஒன்றும் செய்வதில்லை. சொத்தை, கசியும் ஃபில்லிங், பாதியில் நிற்கும் ரூட் கெனால் ஆகியவைதான் சிக்கல்.
- மேல்தாடையில் வரும் 'பல் வலி' சில நேரம் பல் வலியே அல்ல, சைனஸ் வலி.
- தாடை வலிக்குப் பெரும்பாலும் காரணம், மவுத்பீஸைப் பற்களால் இறுக்கிக் கடிப்பது.
- பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே பல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. முந்தின நாள் போய் அவசரமாக அடைத்துக்கொண்டு வருவது நல்லதல்ல.

தண்ணீருக்குள் அழுத்தம் எவ்வளவு கூடுகிறது?

கடல் மட்டத்தில் நம் மேல் இருக்கும் காற்றின் அழுத்தம் 1 அட்மாஸ்ஃபியர். கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு அட்மாஸ்ஃபியர் சேர்ந்துகொண்டே போகும். 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4.

அழுத்தம் கூடினால் வாயுவின் கன அளவு அதே விகிதத்தில் சுருங்கும். பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதிதான். ராபர்ட் பாயில் இதை வெளியிட்டது 1662-ல். மேலே ஒரு லிட்டர் இருக்கும் காற்று 10 மீட்டர் ஆழத்தில் அரை லிட்டர் ஆகிவிடும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, 30 மீட்டரில் கால் லிட்டர். மேலே வரும்போது இதே கணக்கு தலைகீழாக நடக்கும்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. 20 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்குப் போனால் அழுத்தம் 3-லிருந்து 4 ஆகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் மேற்பரப்பிலிருந்து முதல் 10 மீட்டர் இறங்கும்போது அழுத்தம் அப்படியே இரட்டிப்பாகிறது. விகிதக் கணக்கில் மிகப்பெரிய மாற்றம் நடப்பது இந்த முதல் 10 மீட்டரில்தான்.

சான்றிதழ் இல்லாத முதல்முறைப் பயணிகளைப் பயிற்சியாளருடன் கூட்டிப்போகும் 'ட்ரை டைவ்' பொதுவாக அதிகபட்சம் 12 மீட்டருக்குள் முடிந்துவிடும். "கொஞ்ச ஆழம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது" என்று நாம் நினைக்கும் அதே இடத்தில்தான் வாயு அதிகம் சுருங்கி விரிகிறது.

அந்த அழுத்தம் பல்லுக்குள் எப்படிப் போகிறது?

நம் உடம்பின் பெரும்பகுதி நீரும் திசுவும்தான். அவை அழுத்தத்தில் சுருங்குவதில்லை. வாயு அடைபட்டிருக்கும் இடங்களில் மட்டும்தான் பிரச்சனை. நடுக்காது, சைனஸ் அறைகள், நுரையீரல், குடல் ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள்.

நல்ல பல்லில் வாயுவுக்கு இடமே கிடையாது. வெளியே எனாமல், உள்ளே டென்டின், நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பற்கூழ். இடைவெளி இல்லாததால் அழுத்தத்துக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் சொத்தை விழுந்த பல் அப்படியல்ல. பழைய ஃபில்லிங்கின் ஓரத்தில் முடி அளவு விரிசல் இருக்கலாம். கேப்புக்கு அடியில் சிமென்ட் கரைந்து சின்ன வெற்றிடம் உருவாகியிருக்கலாம். ரூட் கெனால் முழுதாக அடைபடாமல் இருக்கலாம். இங்கெல்லாம் ஒரு துளி வாயு தங்க இடம் கிடைத்துவிடுகிறது.

இனி டைவ் செய்யும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரெகுலேட்டர் உங்களுக்குக் கொடுக்கும் காற்று, நீங்கள் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திலேயே வரும். அந்தக் காற்று விரிசல் வழியாக மெதுவாக உள்ளே கசிகிறது. அரை மணி, முக்கால் மணி நேரம் கழித்து மேலே வரும்போது அது விரியத் தொடங்குகிறது. உள்ளே போன அதே வேகத்தில் வெளியே வர வழி இல்லை. சுற்றிலும் கடினமான சுவர், நடுவில் ஏற்கெனவே புண்ணான பற்கூழ். விளைவு, சுரீரென்று வலி.

அழுத்த மாற்றத்தால் வரும் இந்தப் பல் வலிக்கு மருத்துவப் பெயர் 'பாரோடொன்டால்ஜியா'. இது முதலில் பெரிதாகப் பேசப்பட்டது கடலில் அல்ல, வானத்தில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உயரே பறந்த விமானப் படையினருக்குப் பல் வலி வருவதை ராணுவ மருத்துவர்கள் கவனித்தார்கள். அப்போது அதற்கு 'ஏரோடொன்டால்ஜியா' என்று பெயர். அதே வலி தண்ணீருக்கு அடியிலும் வருகிறது என்று தெரிந்த பிறகு, அழுத்தத்தைக் குறிக்கும் 'பாரோ' முன்னால் வந்து சேர்ந்தது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டைவிங் சொத்தையை உண்டாக்குவதில்லை. தரையில் சத்தம் போடாமல் இருந்த சொத்தையை அது சத்தம் போட வைக்கிறது.

இறங்கும்போது வலியா, ஏறும்போது வலியா?

பல் மருத்துவரிடம் போனால் "வலித்தது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது வலித்தது என்று சொல்லுங்கள். பாரோடொன்டால்ஜியாவை வகைப்படுத்த மருத்துவர்கள் பயன்படுத்தும் முக்கியமான துப்பு அதுதான்.

- அழுத்தம் குறையும்போது (மேலே வரும்போது) கூர்மையான, வந்து போகும் வலி: பற்கூழ் மீள முடியாத அளவுக்கு வீங்கியிருக்கலாம்.
- மேலே வரும்போது மந்தமான, துடிக்கும் வலி: பற்கூழ் வீக்கம் இன்னும் சரிசெய்யக்கூடிய நிலையில் இருக்கலாம்.
- இறங்கும்போது மந்தமான வலி: பற்கூழ் ஏற்கெனவே செத்துப்போயிருக்கலாம்.
- இறங்கும்போதும் ஏறும்போதும் விடாமல் கடுமையான வலி: வேர் நுனியில் சீழோ தொற்றோ இருக்கலாம்.

இதை வைத்து நீங்களே நோயைத் தீர்மானித்துக்கொள்ள முடியாது. ஆனால் எந்த ஆழத்தில், எந்தத் திசையில் போகும்போது, எந்தப் பக்கம் வலித்தது என்று போனில் ஒரு குறிப்பு எழுதி வைத்தால், எக்ஸ்-ரே எடுக்கும் மருத்துவருக்கு எங்கே தேடுவது என்று பாதி தெரிந்துவிடும்.

பல் வலி மாதிரியே இருக்கும், ஆனால் பல் அல்ல

கன்னத்து எலும்புக்குப் பின்னால் இருபுறமும் சைனஸ் அறைகள் உண்டு. மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இந்த அறையின் தரையை ஒட்டியே இருக்கும். சிலருக்கு இரண்டுக்கும் நடுவே மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே இருக்கும். மேல் பற்களின் நரம்புகளும் அந்த வழியாகத்தான் போகின்றன.

சளி, அலர்ஜி இருக்கும்போது சைனஸின் வாசல் அடைபட்டுவிடும். அந்த நிலையில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சைனஸின் உட்சுவரை இழுக்கும். மூளைக்குப் போகும் செய்தி என்னவோ 'மேல் பல் வலிக்கிறது' என்பதுதான். பல்லை எவ்வளவு சோதித்தாலும் குறை எதுவும் இருக்காது.

எப்படி அடையாளம் காண்பது? பெரும்பாலும் இறங்கும்போது வரும். ஒரு பல்லில் மட்டும் இல்லாமல் பக்கத்துப் பற்கள் சிலவும் சேர்ந்து வலிக்கும். கன்னம், கண்ணுக்குக் கீழே கனமாக இருக்கும். மேலே வந்த பிறகு மூக்கில் லேசாக ரத்தம் கூட வரலாம்.

"மூக்கடைப்பு மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு இறங்கிவிடலாமே" என்பது பலர் செய்யும் தவறு. நீருக்குள் இருக்கும்போதே மருந்தின் வேகம் குறைந்தால், மேலே வரும் நேரத்தில் அடைப்பு திரும்பிவிடும். விரியும் காற்றுக்கு அப்போது வழி இருக்காது. சளி இருந்தால் டைவைத் தள்ளிப்போடுங்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம்.

பல் உடையுமா? கேப் கழன்று விழுமா?

நடப்பது அரிது. ஆனால் நடக்கக்கூடியதே. அழுத்த மாற்றத்தால் பல்லோ ஃபில்லிங்கோ உடைவதற்கு 'பாரோடொன்டோகிரெக்சிஸ்' என்று ஒரு தனிப் பெயரே இருக்கிறது.

1983-ல் கால்டர், ராம்சே என்ற இரு ஆய்வாளர்கள், பிடுங்கிய பற்களை அழுத்த அறையில் வைத்து, அழுத்தத்தை வேகமாகக் குறைத்துப் பார்த்தார்கள. சொத்தை இருந்தும் அடைக்காமல் விட்ட பற்கள் தப்பித்தன. உடைந்தவை எல்லாமே தரமில்லாமல் அடைக்கப்பட்ட, ஓரம் கசியும் ஃபில்லிங் உள்ள பற்கள். யோசித்தால் புரியும். திறந்த குழியில் வாயு வந்த வழியே போய்விடும். மேலே மூடி போட்டு ஓரத்தில் மட்டும் கசிவு விட்டால், உள்ளே போன வாயு சிக்கிக்கொள்ளும். அதற்காகச் சொத்தையை அடைக்காமல் விடச் சொல்லவில்லை, அடைப்பதை ஒழுங்காக அடைக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

கேப் விஷயத்தில் முக்கியம், அதை ஒட்டப் பயன்படுத்திய சிமென்ட். 1999-ல் வெளியான நியூசிலாந்து ஆய்வு ஒன்றில், டைவிங் போலவே அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கியபோது, ஜிங்க் ஃபாஸ்ஃபேட், கிளாஸ் அயனோமர் வகை சிமென்டில் ஒட்டிய கேப்களின் பிடிப்பு கணிசமாகக் குறைந்தது. ரெசின் சிமென்டில் ஒட்டியவை தாக்குப்பிடித்தன. அடிக்கடி டைவ் செய்பவர் என்றால், கேப் போடும்போதே இதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது தேவையான தகவல்.

கழன்ற கேப்பால் வரும் பெரிய ஆபத்து வலி அல்ல. நீருக்குள் வாயில் ஒரு உலோகத் துண்டு தனியாக உருண்டுகொண்டிருந்தால், அடுத்த மூச்சில் அது தொண்டைக்குள் போகலாம். கழற்றி மாட்டும் பல் செட் வைத்திருப்பவர்கள் அதைத் தளர்வாக அணிந்துகொண்டு இறங்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

தாடை ஏன் வலிக்கிறது?

காதுக்கு நேர் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒன்று நகரும். அதுதான் தாடை மூட்டு. பேசவும் மெல்லவும் கொட்டாவி விடவும் நாள் முழுக்க உழைக்கும் மூட்டு.

டைவ் செய்யும்போது வாயில் வைக்கும் மவுத்பீஸில் இருபுறமும் கடித்துப் பிடிக்கச் சின்ன ரப்பர் திட்டுகள் இருக்கும். பெரும்பாலான மவுத்பீஸ்களில் இவை கோரைப் பல், அதற்கு அடுத்த முன் கடைவாய்ப் பற்கள் வரைதான் எட்டும். பின்னால் இருக்கும் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒன்றுமே இருக்காது. கீழ்த்தாடையும் இயல்பான இடத்தைவிடச் சற்று முன்னே தள்ளி நிற்கும். அந்த நிலையில் இறுக்கிக் கடித்தால், பாரத்தைப் பின்பற்கள் தாங்காது. மூட்டும் தசையும்தான் தாங்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிடும்போது யாரும் முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் இடைவிடாமல் கடித்துக்கொண்டிருப்பதில்லை. டைவிங்கில் அதைத்தான் செய்கிறோம்.

இதோடு வேறு சிலவும் சேர்ந்துகொள்ளும்:

- பயம். முதல்முறை இறங்குபவர், ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிவிடுமோ என்று பல்லைக் கடிப்பது இயல்பு.
- ஹோஸின் இழுப்பு. காற்றுக் குழாய் பொதுவாக வலது தோள் வழியாக வரும். நீரோட்டம் இருந்தால் அது மவுத்பீஸை ஒரு பக்கமாக இழுக்கும். தாடை மறுபக்கம் ஈடுகொடுக்கும்.
- குளிர். குளிர்ந்த நீரில் உதடு மரத்துவிட்டால், உதட்டால் பிடிக்க வேண்டியதைப் பல்லால் பிடிப்போம்.
- ஏற்கெனவே இருக்கும் பழக்கம். டெட்லைன் நேரத்தில், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குத் தாடைத் தசை முன்பே களைத்திருக்கும்.

அறிகுறிகள் என்ன? டைவ் முடிந்ததும் கன்னத் தசை வலிக்கும். வாயைத் திறக்கும்போது 'க்ளிக்' என்று சத்தம் வரும். நெற்றிப்பொட்டில் தலைவலி, மறுநாள் காலை தாடை இறுக்கம், மெல்லும்போது வலி ஆகியவையும் வரலாம்.

காது வலியும் வரலாம். இங்கே குழப்பம் வருகிறது. தாடை மூட்டும் காதும் பக்கத்துப் பக்கத்து வீடு. மூட்டு வலியைக் காது வலி என்று நினைத்துச் சொட்டு மருந்து விடுபவர்களும் உண்டு, அழுத்தத்தால் காது உண்மையிலேயே பாதிக்கப்பட்டதைத் 'தாடைதான்' என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. காது கேட்பது குறைந்தாலோ, தலை சுற்றினாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

சரி, கடிக்காமல் எப்படிப் பிடிப்பது?

மவுத்பீஸைப் பிடிக்க வேண்டியது உதடு. பல்லின் வேலை அது நழுவாமல் லேசாகத் தாங்குவது மட்டும்தான். படகில் ஏறும் முன், ஆழமில்லாத இடத்தில் பயிற்சி தரும்போதே இதைப் பழகிப் பாருங்கள். பல்லைச் சற்றுத் தளர்த்தி, உதட்டை மூடி, நிதானமாக மூச்சு விடுங்கள். ரெகுலேட்டர் கீழே விழாது என்று மனம் நம்பிவிட்டால் தாடை தானாகத் தளரும்.

வாடகை ரெகுலேட்டர் என்றால் மவுத்பீஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடிக்கும் திட்டு கிழிந்திருக்கிறதா? உங்கள் வாய்க்குப் பெரிதாக இருக்கிறதா? மாற்றித் தரச் சொல்லுங்கள். அது ஒரு சின்னப் பிளாஸ்டிக் டையால் கட்டப்பட்ட சிலிகான் துண்டுதான், மாற்ற சில நிமிடம் போதும். வருடத்துக்குப் பல முறை போகிறவர் என்றால், வெந்நீரில் இளக்கி உங்கள் பல் அச்சுக்கு ஏற்பக் கடித்து வடிவமைத்துக்கொள்ளும் மவுத்பீஸ் கடையில் கிடைக்கும். கடைவாய்ப் பற்கள் வரை நீளும் வகையாகப் பார்த்து வாங்கினால் பாரம் பரவும்.

டைவுக்குப் பிறகு தாடை வலித்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். ஓரிரு நாள் இட்லி, தயிர்சாதம் மாதிரி மென்மையான சாப்பாடு போதும், முறுக்கும் சூயிங்கமும் வேண்டாம். வாய் முழுதாகத் திறக்கவில்லை என்றாலோ, வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

41 சதவீதம் என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

மேலே சொன்ன ஆய்வு, அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வினிஷா ரன்னா குழுவினர் நடத்தியது. ரன்னாவே சான்றிதழ் பெற்ற டைவர். தண்ணீருக்குள் தன் பற்களை யாரோ பிடித்து அழுத்துவது போல உணர்ந்ததுதான் இந்த ஆய்வுக்கான தூண்டுதல்.

தொந்தரவு இருந்ததாகச் சொன்ன 41 பேரில், 42 சதவீதம் பேருக்கு பாரோடொன்டால்ஜியா, 24 சதவீதம் பேருக்கு மவுத்பீஸை இறுக்கிப் பிடித்ததால் வலி, 22 சதவீதம் பேருக்குத் தாடை வலி. 5 சதவீதம் பேர் கேப் தளர்ந்ததாகச் சொன்னார்கள். ஒருவருக்கு ஃபில்லிங் உடைந்தது.

இந்தச் சதவீதங்களை ஆள் கணக்கில் போட்டுப் பாருங்கள். 41-ல் 42 சதவீதம் என்றால் 17 பேர். இறுக்கிப் பிடித்ததால் வலி 10 பேருக்கு. தாடை வலி 9 பேருக்கு. கேப் தளர்ந்தது 2 பேருக்கு. 'டைவ் செய்தால் 42 சதவீதம் பேருக்குப் பல் வலி' என்று யாராவது பகிர்ந்தால் அது தப்பு. கேட்ட 100 பேரில் அது 17 பேர்தான்.

இன்னொன்று. இது முன்னோட்ட ஆய்வு. டைவர்கள் தாங்களே சொன்ன பதில்கள்தான் தரவு. யாருடைய வாயையும் திறந்து சோதிக்கவில்லை. வலி அனுபவித்தவர்கள் இப்படிப்பட்ட சர்வேக்கு ஆர்வமாகப் பதில் சொல்லியிருக்கலாம். அதனால் '10-ல் 4 டைவர்களுக்குப் பிரச்சனை' என்று உலகம் முழுவதற்கும் பொருத்த முடியாது. இது அரிதான புகார் அல்ல என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். மவுத்பீஸ் பிடிப்பும் தாடை வலியும் சேர்த்தால் சுமார் 19 புகார்கள், பாரோடொன்டால்ஜியாவைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதையும் கவனியுங்கள். இந்தப் பாதி, மருந்தே இல்லாமல் பழக்கத்தாலும் சரியான மவுத்பீஸாலும் குறையக்கூடியது.

அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பயிற்சியாளர்கள் என்பது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. அவர்கள்தான் ஆழம் குறைந்த நீரில் அதிக நேரம் இருக்கிறார்கள். அழுத்தம் விகிதத்தில் அதிகம் மாறுவது அங்கேதான் என்று முன்பே பார்த்தோம்.

அப்படியென்றால் படிவத்தில் ஏன் கேட்பதில்லை?

பல நாடுகளில் பயன்படும் டைவர் மருத்துவக் கேள்வித்தாளில் 10 முதன்மைக் கேள்விகள் உள்ளன. நுரையீரல், இதயம், உடல் தகுதி, கண்-காது-சைனஸ், சமீபத்திய அறுவை சிகிச்சை, மயக்கம், மனநலம், நீரிழிவு, வயிறு, மருந்துகள் என்று போகும். பல்லுக்கு என்று தனிக் கேள்வி இல்லை. உயிருக்கு நேரடி ஆபத்து தரும் விஷயங்களைத்தான் அது முதலில் வடிகட்டுகிறது. அது நியாயமும்கூட.

ஆனால் இந்தியாவில் பல்லின் நிலவரத்தை நினைத்தால் இந்த இடைவெளி சின்னதல்ல. 2002-03-ல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நடத்திய தேசிய வாய் நலக் கணக்கெடுப்பில், 35 முதல் 44 வயதினரில் சுமார் 80 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பாதிப்பு இருந்தது. பழைய தரவுதான். ஆனாலும், படகில் ஏறும் பத்துப் பேரில் எத்தனை பேருக்கு எந்தக் குறையும் இல்லாத பற்கள் இருக்கும் என்று யோசிக்க அது போதும். வலிக்காதவரை பல் மருத்துவரிடம் போகாத பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. படிவம் கேட்காத கேள்வியை அதனால் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பயணத்துக்கு முன் என்ன செய்யலாம்?

ஆறு வாரம் முன்: பல் மருத்துவரிடம் போய், "டைவிங் போகிறேன்" என்று சொல்லிப் பரிசோதியுங்கள். சாதாரண செக்கப்பில் விட்டுவிடக்கூடிய பழைய ஃபில்லிங் ஓரங்களை அப்போது அவர் தனியாகப் பார்ப்பார். தேவைப்பட்டால் எக்ஸ்-ரே.

ரூட் கெனால் நடந்துகொண்டிருந்தால்: முடித்து, நிரந்தரமாக அடைத்த பிறகு இறங்குங்கள். திறந்திருக்கும் வேர்க் குழாய் வழியாக அழுத்தக் காற்று முகத் திசுக்களுக்குள் புகுந்து வீக்கம் உண்டாக்கலாம்.

தற்காலிக கேப், தற்காலிக ஃபில்லிங்: 'ஊருக்குப் போய்விட்டு வந்து நிரந்தரமாகப் போட்டுக்கொள்கிறேன்' என்பது வேண்டாம்.

பல் பிடுங்கியிருந்தால்: குழி ஆறும்வரை காத்திருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஞானப்பல் அறுவை சிகிச்சை என்றால் மருத்துவர் பார்த்து 'சரி' சொன்ன பிறகுதான். மேல்தாடைக் கடைவாய்ப் பல் என்றால் இன்னும் கவனம், அந்தக் குழி சைனஸுடன் இணைந்திருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும்.

மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால்: குறைந்தது 24 மணி நேரம் தண்ணீரில் இறங்க வேண்டாம். உதடு மரத்திருந்தால் மவுத்பீஸைச் சரியாகப் பிடிக்கவே முடியாது.

தாடை மூட்டுக் கோளாறு ஏற்கெனவே இருந்தால்: படிவத்தில் கேள்வி இல்லாவிட்டாலும் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். டைவ் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், மவுத்பீஸை மாற்றிக்கொள்ளலாம்.

தண்ணீருக்குள் வலித்தால்?

இறங்கும்போது வலித்தால் நில்லுங்கள். பயிற்சியாளருக்கு 'பிரச்சனை' சைகை காட்டி, பல்லைச் சுட்டிக்காட்டுங்கள். சேர்ந்து மெதுவாக மேலே வாருங்கள். 'கொஞ்சம் பொறுத்தால் போய்விடும்' என்று இன்னும் இறங்க வேண்டாம்.

ஏறும்போது வலித்தால் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் மேலே வந்தே ஆக வேண்டும். பயிற்சியாளரிடம் காட்டுங்கள். டாங்கில் காற்று போதுமான அளவு இருந்தால், வலி குறையும் ஆழத்துக்குச் சற்று இறங்கி, பிறகு வழக்கத்தைவிட மெதுவாக ஏறலாம். எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது. வலி தாங்காமல் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கவும் கூடாது. பல் வலியால் யாரும் நீருக்குள் உயிரிழப்பதில்லை. வலியில் பதறி வேகமாக மேலே பாய்வதுதான் நுரையீரலையும் உயிரையும் ஆபத்தில் தள்ளும்.

மேலே வந்த பிறகு வலி போய்விட்டாலும், அன்றைக்கு இரண்டாவது டைவ் வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது, எச்சரிக்கை மணியின் ஒயரை அறுப்பது மாதிரி.

டைவிங்கே போகாதவர்களுக்கும் ஒரு தகவல்

விமானம் உயரே பறக்கும்போது, உள்ளே இருக்கும் அழுத்தம் சுமார் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமான அளவு வரை குறையலாம். அது கடல் மட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. பல்லில் சிக்கிய வாயு அங்கேயும் மூன்றில் ஒரு பங்கு விரியும்.

எனவே சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போகும் விமானத்தில் ஒரு பல் சுருக்கென்று வலித்தால், அதை அலட்சியம் செய்யாதீர்கள். விமானத்திலேயே வலித்த பல், அழுத்தம் இரட்டிப்பாகும் கடலில் அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த டைவை விட்டுவிட்டு, கரையில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். ஊர் திரும்பியதும் பல் மருத்துவரைப் பாருங்கள். அடுத்த சீசனில் பவளப்பாறை அங்கேயேதான் இருக்கும்.